கடலுக்கு அப்பாலுள்ள இரு தலங்கள்



ஸ்ரீபெரும்புதூருக்குப் பழம்பெயர் பூதபுரி. உடையவர் இராமாநுசர் 1017ஆம் ஆண்டில் திருவவதாரம் செய்த ஊர் என்று வைணவப் பெருமக்கள் அதனைப் போற்றுவர். பூதபுரீசுவரர் என்னும் திருநாமத்தோடு சிவபெருமான் எழுந்தருளியிருக்கும் ஊர் என்று நாம் வணங்குவோம். அவ்வூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் முன்னாளில் ஏரிப்பாசன வயல்களாக இருந்தவை. இன்று சிப்காட் தொழிற்பேட்டைகள். மகிழுந்தும் கைப்பேசியும் ஆக்கும் ஆலைகளுக்கு இரவும் பகலும் பேருந்துகள் ஆட்களை ஏற்றிச் சென்று இறக்குகின்றன. ஒரகடத்தைக் கடந்து வாலாசாபாத் செல்லும் வழியில் எழிச்சூர் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள பெருமானுக்கு நல்லிணக்கேசுவரர் என்பது திருநாமம். நல்லிணக்கத்தையே பெயராகக் கொண்ட ஈசன் என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். கட்டுரையின் முடிவில் அப்பெயரிடத்தே மீண்டும் வருவோம்.

அம்மையார் கேட்ட கேள்வி

இவ்வட்டாரத்துச் சிவாலயம் ஒன்றில் பங்குனி உத்திரப் பெருவிழாவின்போது, பாடல் பெற்ற தலங்கள் என்னும் பொருள்பற்றி யாம் சொற்பொழிவாற்றினோம். சோழ நாட்டுத் தலங்களை விரித்துரைத்து, நம் தொண்டை நாட்டுத் தலங்கள் 32ஐயும் பெயர் சொல்லி வணங்கி, "ஈழநாட்டுத் தலங்கள் இரண்டு, திருக்கோணமலை, திருக்கேதீச்சரம்" என்று ஒரே மூச்சிற் சொல்லிவிட்டு மேற்சென்றோம். தீபாராதனை முடிந்து, திருநீறு வாங்கிக்கொண்டு அனைவரும் கலைந்தபின், முதிய அம்மையார் ஒருவர் எம்மருகில் வந்து நின்றார். 1990ஆம் ஆண்டில் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறி இராமேச்சுரம் வந்திறங்கியவர். பேரன் ஒரகடத்து ஆலையொன்றிற் பணிசெய்கிறான். அவனோடு இங்கே தங்கியிருக்கிறார்.

"ஐயா, பாலாவியில முழுகிக் கேதீச்சரநாதரைக் கும்பிட்டு முப்பத்தஞ்சு வரியம் ஆகுது. நீங்கள் அந்தப் பேரை ஒருக்காச் சொல்லிப்போட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டியள். அங்க என்ன நடக்குதெண்டு ஒண்டும் சொல்லேல்லையே?" என்றார்.

எமக்கு நாணம் உண்டாயிற்று. அவர் கேட்டதற்குக் காரணமும் எம்மிடத்தே இருந்தது. 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவு, தேர்தற் கூட்டத்திற்கு வந்த முன்னாள் தலைமையமைச்சர் ராஜீவ் காந்தி அவர்கள் இதே ஸ்ரீபெரும்புதூரில் மனித வெடிகுண்டாற் கொல்லப்பட்டார். உடனிருந்த பலரும், காவற்பணியில் நின்றோரும் மாண்டனர். விடுதலைப் புலிகள் இயக்கத்தார் செய்த கொலை அது. கடலுக்கப்பால் எரிந்த தீ நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அதன்பின் சில ஆண்டுகள் 'ஈழநாடு' என்னும் சொல்லை மேடையிற் சொல்லவே யாம் தயங்கினோம். திருமுறைப் பதிப்புகளில் அச்சிடப்பெற்றுள்ள அப்பகுப்பை, 'இலங்கைத் தலங்கள்' என்று மாற்றிச் சொல்லி விரைந்து கடந்தோம். அச்சத்தால் தொடங்கிய அவ்வழக்கம், அச்சம் நீங்கிய பின்னும் நாவிற் படிந்துவிட்டது. அம்மையார்க்கு அன்றிரவு விடைகூற எம்மால் இயலவில்லை. இக்கட்டுரை அவர்க்கு யாம் செலுத்தும் கடன்.

மூர்த்தி, தலம், தீர்த்தம்

யாத்திரைக்கு மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் சிறப்பென்பது நம் பெரியோர் கொள்கை. இம்மூன்றில் எதனை அரசியல் தொடவல்லது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். மூர்த்தியைப் பெயர்த்தெடுக்கலாம், மண்ணிற் புதைக்கலாம். தலத்தைச் சுற்றி வேலியிடலாம். அரசிதழில் அறிவித்துத் தன்னுடைமை ஆக்கலாம். தீர்த்தத்திற்குச் செல்லும் வழியை மறிக்கலாம். ஆனால் இம்மூன்றையும் ஒன்றாக இணைத்து உயிரூட்டுவது நான்காவதாகிய ஒன்று. அஃது அடியார்களின் வரவு. விளக்கேற்றவும் நீராடவும் ஆண்டுதோறும் ஆட்கள் நடந்து வருமளவும் ஓரிடம் தலமாக நிற்கும். அவ்வரவு நின்றுவிட்டால், எவ்வளவு நன்றாகப் பேணப்பெற்றாலும் அது காட்சிப் பொருளாகிவிடும்.

ஆளுடைய பிள்ளையார் திருக்கோணமலைக்கும் திருக்கேதீச்சரத்திற்கும் பதிகம் அருளியது இராமேச்சுரத்தில் இருந்துகொண்டே என்று சேக்கிழார் பெருமான் உரைக்கின்றார். சுந்தரமூர்த்தி சுவாமிகளும் கேதீச்சரத்தை அவ்வாறே போற்றினார். காலால் நடந்து சேர இயலாத இடத்தைக் கருத்தால் சேர்ந்து வணங்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அவர்கள் திருவுள்ளத்தால் நின்ற கரை அது; பிறர் தடுத்தமையால் நின்ற கரை அன்று. நம் அம்மையார் இக்கரையில் நிற்பது அத்தகையதன்று.

கேதீச்சரம் பட்ட பாடு

திருக்கேதீச்சரம் மாதோட்டத் துறைமுகத்தை அடுத்திருந்த பெருங்கோயில். கேது வழிபட்ட தலம் என்பர். கௌரியம்மையுடன் கேதீச்சரநாதர் எழுந்தருளியிருக்க, அருகே பாலாவித் தீர்த்தம். போர்த்துக்கீசர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்கள் ஆட்சியில் கோயில் இடிந்து அழிந்தது, காடு மூடிற்று. இடமே மறந்துபோகும் நிலை வந்தபோது, யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1872ஆம் ஆண்டில் இத்தலத்தை மீட்டெடுக்கச் சைவர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். அவர்கள் 1879இல் சிவபதம் எய்தினார்கள்; வேண்டுகோள் எஞ்சி நின்றது. 1893ஆம் ஆண்டின் இறுதியில் சைவர்கள் அக்காட்டு நிலத்தை விலைக்கு வாங்கினர். 1894இல் அகழ்ந்தபோது பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. 1903இல் சிறுகோயில் ஒன்று எழும்பிக் குடமுழுக்குக் கண்டது. 1948இல் திருப்பணிச் சபை தோன்றிற்று. 1976இல் பெருங்குடமுழுக்கு நிகழ்ந்தது.

முந்நூறாண்டுகளுக்கு மேல் காடாய்க் கிடந்து எழுந்த கோயில், பதினான்கே ஆண்டுகளில் மீண்டும் அடைபட்டது. 1983இல் மூண்ட போர் 1990இல் மன்னாரைச் சூழ்ந்தது. ஊர்மக்கள் படகேறினர், கோயிற் பகுதி படையினர் வசமாயிற்று. அம்மையார் இறுதியாகப் பாலாவியில் மூழ்கியது அவ்வாண்டில்தான். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டிற்குப் பின்னரே வழிபாடு மெல்லத் தலையெடுத்தது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. 2013 டிசம்பரில், கோயிலுக்கு அண்மையிலுள்ள சாலையோரத்தில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 80க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் எடுக்கப்பெற்றன. 1894இல் தோண்டியபோது சிவலிங்கம் கிடைத்த மண் அது.

அன்பர்களே, துயரத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. போருக்குப் பின் இந்திய அரசின் நிதியுதவியால் இக்கோயில் கருங்கற் கோயிலாக எழுந்தது. திருப்பணியில் துணைநின்றவர்கள் நம் மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியினர். ஒரகடத்திலிருந்து ஒரு காலை நேரப் பயணத்திற் சென்று திரும்பத்தக்க ஊர் மாமல்லபுரம். அங்குக் கற்றோர் கைவண்ணம் கடல்கடந்து மாதோட்டத்தில் நிற்கின்றது. 2022ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் குடமுழுக்கு நிறைவேறிற்று. இலங்கை முழுதும் எரிபொருளின்றித் திணறிய மாதம் அது. ஆயினும் அடியார்கள் வந்தார்கள்.

கோட்டைக்குள் ஒரு கோயில்

திருக்கோணேச்சரத்தின் வரலாறும் இத்தகையதே. கடலுக்குள் நீண்ட மலைமுனையில் நின்ற கோயிலைப் போர்த்துக்கீசர் 1622இல் இடித்தனர். இடித்த கல்லைக்கொண்டே அங்குக் கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அக்கோட்டையை ஆண்டனர். கோயிலில்லாக் காலத்திலும் அடியார்கள் அம்முனையில் நின்று கடலை நோக்கி மலரும் தேங்காயும் இட்டு வணங்கி வந்தார்கள். 1950ஆம் ஆண்டில் திருகோணமலை நகரில் கிணறு தோண்டியபோது, முன்னோர் மறைத்து வைத்த செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1963ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புதிய கோயில் குடமுழுக்குக் கண்டது. இன்றும் அக்கோயிலுக்குச் செல்வோர் கோட்டை வாயிலில் நுழைந்து, படைமுகாமைக் கடந்தே செல்லவேண்டும். மானும் மேயும், துப்பாக்கி ஏந்திய காவலரும் நிற்பர். நடுவே நம் அடியார் கற்பூரத் தட்டோடு நடப்பர்.

யாத்திரை நின்றபோது தலம் அழியாமற் காத்தது எது என்பதற்கு இம்முனையே விடை கூறும். கட்டடம் இல்லை, மூர்த்தி மண்ணுக்குள், ஆயினும் மலரிட்ட கைகள் நிற்கவில்லை. ஆகவே மூன்றரை நூற்றாண்டிற்குப் பின் எழுப்பவேண்டிய இடம் எது என்பதில் எவர்க்கும் ஐயம் எழவில்லை.

கல் யார் பக்கம்?

இனிச் சொல்லப்போவது, அம்மையார் கேட்ட கேள்வியின் கடினமான பகுதி. போர் நின்றபின் பூசல் ஒரு புதிய வழியிற் புகுந்தது. அதன் பெயர் தொல்லியல். காட்டிலும் மலையிலும் பழைய செங்கல்லோ கற்றூணோ காணப்படுகிறது. அது பௌத்தச் சின்னம் என்று கூறித் தொல்லியல் துறையார் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கின்றனர். அறிவித்தபின் அங்கே காலங்காலமாகப் பொங்கல் வைத்தோர்க்குக் கட்டுப்பாடு பிறக்கின்றது. பிற்பாடு அதே இடத்தில் புதிய விகாரை எழுகின்றது. முல்லைத்தீவு மாவட்டக் குருந்தூர்மலையில் நிகழ்ந்த வழக்கு இதுவே. புதுக்கட்டுமானத்தை நிறுத்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டும் பூசல் ஓயவில்லை. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி, தமக்கு உயிரச்சுறுத்தல் இருப்பதாகக் கூறி 2023 செப்டம்பரில் பதவி துறந்தார். வவுனியா வடக்கில் வெடுக்குநாறி மலையில் ஆதிலிங்கேசுவரர் ஆலயத் திருமேனிகள் 2023 மார்ச்சில் உடைக்கப்பட்டுக் கிடந்தன. மறு ஆண்டு, 2024 மார்ச் 8ஆம் நாள் மகாசிவராத்திரி இரவில், அங்கு வழிபட்டோருள் எட்டுப் பேரைக் காவலர் கைதுசெய்தனர். மார்ச் 19ஆம் நாள் வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கிழக்கு மாகாணத்தின் தொல்லியற் சின்னங்களைப் பேண 2020 ஜூனில் அரசு ஒரு குழு அமைத்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையராய் வாழும் அம்மாகாணத்திற்கான அக்குழுவில் அவ்விரு இனத்தவர் ஒருவர்கூட முதலில் இடம்பெறவில்லை.

இதற்கு மறுமொழியாக, "அந்தக் கல் பௌத்தக் கல்லே அன்று" என்று நம்மவர் சிலர் முழங்குவர். அது வலுவான விடையாகாது. தமிழரும் ஒருகாலத்துப் பௌத்தராய் இருந்தனர். மணிமேகலை தமிழ்க் காப்பியம். நம் காஞ்சிக்கு ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கு நூறளவு புத்தப் பள்ளிகள் இருந்தன என்று எழுதிவைத்தார். நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே இறையிலியாக வழங்கியவன், தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த சிவபாதசேகரன் இராசராசன். ஆதலின் ஈழத்து மண்ணில் புத்தர் சிலை கிடைத்தால் அது சிங்களவர்க்கே உரியது என்று கொள்வதும் பிழை. அதனை மறைக்க முயல்வதும் பிழை.

அவ்வாறே சிங்கள நாட்டில் சிவன் கோயில்களும் உள்ளன. பொலன்னறுவையில் சோழர் காலத்து வானவன்மாதேவி ஈச்சரம் கருங்கல் தளியாக இன்றும் நிற்கின்றது. போர்த்துக்கீசர் 1578இல் இடித்த முன்னேச்சரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் மீள எடுப்பித்து நிலமும் அளித்தவன் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். இன்றும் அங்குச் சிங்கள அடியார் கூட்டமே மிகுதி. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் காலத்திற் கூறப்பெறும் கட்டியத்தில், ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு என்னும் பெயர் இன்றும் போற்றப்பெறுகின்றது. அது தெற்கிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தை ஆண்டவன் பெயர். கதிர்காமத்தில் சிங்களவர் கப்புறாளையாக நின்று பூசை செய்ய, தமிழர் காவடி எடுக்க, அதே வீதியில் பள்ளிவாசலும் உண்டு. மலையுச்சித் திருவடியைச் சைவர் சிவனொளிபாதம் என்றும், பௌத்தர் புத்தர் பாதம் என்றும், முஸ்லிம்கள் ஆதம் பாதம் என்றும் வணங்கி, ஒரே படிவழியில் இரவு முழுதும் ஒருவர்க்கொருவர் கைகொடுத்து ஏறுகின்றனர்.

இவற்றால் விளங்குவது யாது? கல்லுக்கு வயது சொல்லத் தொல்லியலார் வல்லவர். அக்கல்லின்முன் யார் கைகூப்பலாம் என்பதை வயது தீர்மானியாது. ஓரிடத்தில் யார் முதலில் வந்தார் என்று வழக்காடத் தொடங்கினால் அவ்வழக்கிற்கு முடிவில்லை. இன்று அங்கு யார் வழிபடுகின்றனர், அவர் வழிபாடு தடையின்றி நிகழ்கின்றதா என்று கேட்டால் விடை கிடைக்கும். மரபுரிமை என்பதை ஆவணத்திலும் அகழ்விலும் மட்டும் தேடாது, இடையறாத வழிபாட்டிலும் காணவேண்டும் என்பதே யாம் வற்புறுத்துவது.

இக்கேள்வி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. கம்போடியாவிற்கும் தாய்லாந்திற்கும் இடையே மலையுச்சியில் ப்ரே விஹேர் என்னும் சிவாலயம் உண்டு. கெமர் மன்னர்கள் சிகரேசுவரர் என்று வணங்கிய பெருமான் கோயில் அது. 1962இல் அனைத்துலக நீதிமன்றம் அது கம்போடியாவிற்கே உரியது என்றது. 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றதும் எல்லையில் படைகள் குவிந்தன; 2011 வரை பலமுறை சண்டை மூண்டது. 2025 ஜூலையில் மீண்டும் போர். அம்முறை சண்டை தொடங்கிய இடத்தின் அருகிலும் பாறையிலே தானாக அமைந்த இலிங்கத்தையுடைய பழங்கோயில் ஒன்று, தா மூயன் தோம் என்பது, இருக்கின்றது. எந்நாட்டிற்கு உரியது என்று நூறு பேர் வாதிட்ட கோயில்களில், நாட்பூசை செய்வார் எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை. நமக்கு அண்மையதாகிய கயிலை யாத்திரையும் 1962ஆம் ஆண்டுச் சீனப் போரை ஒட்டி நின்று, 1981இல் தொடங்கி, 2020இல் மீண்டும் நின்று, 2025இல் திறக்கப்பெற்றது. யாத்திரை வழி அரசர்களின் மனநிலையைப் பொறுத்துத் திறந்து மூடுவதாயிற்று.

நம் வாயிற்கதவு

பிறர் நம்மைத் தடுத்ததை எடுத்துரைத்தோம். நாம் தடுத்ததையும் எடுத்துரைத்தால்தான் வாய்மை நிறைவுறும். 1968ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று சொல்லப்பட்ட சைவர்கள் உட்செல்ல இசைவு வேண்டி அறப்போர் செய்தனர். அவர்களை மறித்து நின்றவரும் சைவரே. தமிழகத்தில் மதுரை மீனாட்சியம்மன் கோயிற் கதவு அரிசன மக்களுக்குத் திறந்தது 1939 ஜூலை 8ஆம் நாள்தான். திருநாளைப்போவார் புராணத்தை மேடைதோறும் கண்ணீர் மல்க உரைத்தவர்களே, கோயில் வாயிலில் நந்தனாரின் உறவினரை நிறுத்திவைத்தனர். யாமும் அம்மேடைகளில் இருந்தோம்.

கேதீச்சரத்திலும் வருந்தத்தக்க ஒன்று நிகழ்ந்தது. 2019 மார்ச் 3ஆம் நாள், சிவராத்திரிக்கு முன்னாள், கோயிலுக்குச் செல்லும் வழியில் அமைத்த அலங்கார வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தனர். எறிந்தவரும் தமிழர், வருந்தியவரும் தமிழர். ஒரே போரில் உற்றாரை இழந்தவர்கள். ஒரே படகில் ஏறி வந்தவர்கள். இனத்தின் பெயரால் பிரிந்த நாட்டில், ஓர் இனத்துக்குள்ளேயே சமயத்தாலும் சாதியாலும் பிரிவு கிடக்கின்றது. ஒருவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கு, அவன் பிறர்க்கு இழைப்பதற்கு உரிமைச்சீட்டு ஆகாது.

அடியார் செய்யத் தக்கது

முன்னாளில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914 முதல் கப்பல் ஓடிற்று. சென்னையில் புகைவண்டி ஏறியவர் கொழும்பில் இறங்குவார். ஈழத்துச் சைவர்கள் சிதம்பரத்திற்கு வந்து மடங்களில் தங்கி ஆருத்திரா தரிசனம் கண்டு திரும்புவர். தில்லையில் நாவலர் 1864இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை அவ்வுறவிற்குச் சான்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. இராமேச்சுரத்திலிருந்து ஓடிய கப்பலையும் 1980களில் போர் நிறுத்திற்று. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணக் கப்பல் தொடங்கியது. காங்கேசன்துறைக்கு அருகேதான் கீரிமலை நகுலேச்சரம். 1990இல் குண்டுவீச்சிற் சிதைந்து, 2012இல் குடமுழுக்குக் கண்ட கோயில்.

இயன்றவர்கள் செல்லவேண்டும். செல்லும்போது கட்சிக் கொடியும் முழக்கமும் வேண்டா. திருநீறும் திருமுறையும் போதும். காட்சி காண்பாராய்ப் படமெடுத்துத் திரும்பாது, ஓரிரவு தங்கி, ஓரபிடேகம் செய்வித்து, அவ்வூர் அடியார்களோடு அமர்ந்து உண்டு வரவேண்டும். சிங்கள அடியார் அருகே நின்று வணங்கினால் இடம் விடவேண்டும். வழிபாட்டிற்குத் தடையென்று அறிந்தால், அமைதியாகவும் பெயர் சொல்லியும் அதனைத் திரும்பிவந்து எடுத்துரைக்கவேண்டும். யாம் செய்யத் தவறியது அதுவே.

அம்மையார் செல்வாரா? அவரிடம் கடவுச்சீட்டு இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்தோர்க்கு வழிசெய்தது. இலங்கையிலிருந்து வந்தோர் அதிற் சேரவில்லை. இங்கேயே பிறந்த பேரனும் ஏதிலியாகவே எண்ணப்படுகிறான். சென்றால் திரும்ப இயலுமோ என்ற ஐயத்தால் அவர் செல்லாதிருக்கிறார். யாத்திரை என்பது சென்று மீள்வது. மீளும் உறுதியில்லாதது யாத்திரையாகாது. இவர்களைப் போன்றோர் தம் தலத்தைக் கண்டு, பயமின்றித் திரும்புவதற்கு இரு அரசுகளும் ஒரு வழி வகுக்கவேண்டும் என்று கேட்பது அரசியல் ஆகுமானால், அவ்வரசியலைப் பேச யாம் இனி அஞ்சோம்.

இலங்கையில் போருக்குப் பின் 2010இல் அரசு அமைத்த ஆணைக்குழுவின் பெயரில் 'நல்லிணக்கம்' என்னும் சொல் இடம்பெற்றது. அதன் அறிக்கை 2011இல் வந்தது. சொல் அறிக்கையில் இருக்கின்றது. அதே சொல்லைத் திருநாமமாகத் தாங்கிய பெருமான் நம் எழிச்சூரில் எழுந்தருளியிருக்கின்றார். அவர் ஊருக்கு அருகே வாழும் நமக்கு ஒரு கடமை உண்டு. நம் கோயிற் பின்வரிசையில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆலைப்பணிக்கு வந்த இளைஞர்கள் இரவுப்பணி முடித்து வந்து நிற்கின்றனர். யாம் பேசும் தமிழ் அவர்களுக்கு விளங்காது. தீபாராதனையின்போது கூப்பும் கை நம் கையைப் போன்றதே. அவர்களை முன்னே அழைத்துத் திருநீறு கொடுங்கள். கேதீச்சரத்தில் நம்மவர்க்கு எதனை வேண்டுகிறோமோ, அதனை இங்கே நாம் பிறர்க்கு வழங்கியிருக்கவேண்டும்.

விழாவின் நிறைவுநாளில் யாம் மீண்டும் மேடையேறினோம். "ஈழநாட்டுத் தலங்கள் இரண்டு" என்று தொடங்கி, திருக்கேதீச்சரத்தையும் பாலாவியையும் பற்றி முக்கால் மணிநேரம் பேசினோம். அம்மையார் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். முடிவில் அவர் எழுந்து, தெற்கு நோக்கித் திரும்பி, தலைமேற் கைகூப்பினார். அருகிருந்தவர்கள் ஒன்றும் கேளாமல் தாமும் எழுந்து, அத்திசை நோக்கியே கைகூப்பினார்கள்.

திருச்சிற்றம்பலம்.